கரடி வந்தா உறுமணும்

ஏங்க, நைட் ஷிப்டுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்குங்க.

"படுக்கையில இப்படிக் கத்திக் கதை படிச்சா குழந்தை எப்படித் தூங்கும்?"னு நேத்து எரிஞ்சு விழுந்தீங்களே, நான் அப்படித்தான் படிப்பேன். கரடி வந்தா உறுமணும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலும் சரி.

போன வாரம் நீங்க கரண்ட் பில் வாசிக்கிற மாதிரி வாசிச்சு, நடுவுல ரெண்டு பக்கத்தை வேற தாண்டிட்டு, "பாரு, தூங்கிட்டா"ன்னு பெருமைப்பட்டீங்க. நம்ம வாலு தூங்கல, கண்ணை மூடிக்கிட்டிருந்தா. "அப்பாவுக்குக் கரடியைப் பிடிக்கலையா, என்னைப் பிடிக்கலையாம்மா?"ன்னு காலைல கேட்டா.

நாமளே சுரத்தில்லாம படிச்சா அவளுக்கு எதுலதான் ஆசை வரும்?

இன்னிக்கு நீங்கதான் படிக்கணும்.

பி.கு: உறுமத் தெரியாதுன்னு சாக்கு சொல்லாதீங்க. நேத்து எங்கிட்ட உறுமினீங்களே, அதே குரல் போதும்.