தண்ணீர் எடுத்த குடம்

காலையில் மழை பிடித்துக்கொண்டது. கச்சிராயபாளையத்துக்கு மேலே மலை மறைந்து, நம் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு நனைந்து, அந்தச் சிமெண்ட் வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. கூரைச் சீட்டு செய்யும் கம்பெனியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அழுகை பிறகுதான்.

அந்தச் சீட்டுக்குப் போடும் கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் வேலையைப் பெருமையாகச் சொல்வீர்கள். உங்கள் அண்ணனையும் அங்கேதான் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள் மூச்சிரைத்து வீட்டோடு வந்து படுத்த பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். பீடி குடித்துக் கெட்ட நுரையீரல் என்றார் கம்பெனி வக்கீல். நீங்கள் சிரித்து, சிரித்ததில் இருமி, என்னிடம் சொன்னீர்கள்: “கண்ணாலத்துக்கு முன்னாடி குடிச்ச நாலு பீடிக்கு இம்மாம் பழியா? நான் செத்துப்பூட்டா அறுத்துப் பாக்கச் சொல்லு. உள்ள கெடக்கறது பொகையா கல்நாரான்னு தெரிஞ்சிக்கினு போவட்டும்.”

சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அதைச் செய்ய நான்தான் ஒண்டியாக நின்றேன். “எங்க வூட்டுப் பொணத்த அறுக்க வுட மாட்டோம்” என்று உங்கள் அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வண்டியை மறித்தார். ஓரகத்தி ஒருபடி மேலே போனாள்: “அறுத்த ஒடம்புக்கு எவ தண்ணி எடுப்பா?” நான் கையெழுத்துப் போட்டேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றி உங்களைக் கொண்டுவந்தபோது, குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் பங்காளி வீட்டுப் பெண்கள் ஒருத்தியும் குடத்தைத் தொடவில்லை. தெருக்குழாயில் நானே பிடித்து, உங்கள் காலில் நானே ஊற்றினேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நமக்குப் பாக்கு வைப்பதில்லை. சாயந்திரமானால் பேச ஆளில்லாமல் கோழியை வைதுகொண்டிருக்கிறேன்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. உள்ளே கிடந்தது கல்நார்தான் என்று ஜட்ஜே சொல்லிவிட்டார். நஷ்டஈடும் கைக்கு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஓடிவந்து சொல்ல நீங்கள் இல்லை, வேறு யாரும் இல்லை.

இன்று மழை விட்டதும் வாசலில் இருமல் கேட்டது. நீங்கள்தான் என்று எழுந்தே விட்டேன். உங்கள் அண்ணன். படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, அந்த வக்கீலாண்ட என்னியும் இட்டுக்கினு போறியா?”

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாளைக் காலை பஸ்ஸுக்கு வரச் சொன்னேன். மனசு ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆறவில்லை. ஆனால் அந்த இருமலை எனக்குத் தெரியும்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். உங்களுக்குத் தண்ணீர் எடுத்த குடத்திலிருந்துதான் மொண்டு கொடுத்தேன். குடத்தைப் பார்த்தார். குடித்தார்.