மண் குடித்த எண்ணெய்

என் பாசத்துக்குரிய மச்சான் முத்தையாவுக்கு,

சின்னச்சாமிதான் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. போன வருடம் பிள்ளை மடுவத்தில், சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். இந்தக் கடிதத்துக்கு இது நான்காம் நாள். 'ஞ' வருகிற இடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்குகிறேன். இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை, மச்சான்.

முதலில் உனக்கான சேதி. நீ எண்ணெய் திருடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. மண் சொல்லிவிட்டது. நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லிப் பழகிக்கொண்டு என் தங்கச்சி செல்லம்மாவிடம் போகலாம் என்றிருக்கிறேன்.

நம் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியை மூடிவிட்டார்கள். நான் அதற்குப் பகல் காவல். நீ ஓட்டிய டீசல் இன்ஜினைப் பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றி றொசல்லப் பக்கம் கொண்டுபோய்விட்டான். ஆனால் இன்ஜின் அறைக்குப் பின்னால் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்காலில் அது இன்னும் ஓடுகிறது. அந்த இடத்தில் புல் முளைக்காது. என்னோடு காவல் கிடக்கிற நாய்கூட அதைச் சுற்றித்தான் போகும். மழை பெய்தால் கீழ் லயத்துச் சனங்கள் குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீரில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். சனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

தலைமைக்கு ஒரு யாழ்ப்பாணத்து மிஸ். "இந்த மண்ணை வெளியில கொண்டுபோய்க் கொட்டினா, கொட்டின இடமும் பழுதாப் போயிடும் ஐயா. அதால இங்கயே கழுவுறம்" என்றார்.

"தண்ணியிலயாங்க மிஸ்?"

"எண்ணெய் தண்ணிக்கு மசியாது. அதைக் கரைக்கிற திரவம் ஒண்டு இருக்கு."

மண்ணைத் தோண்டி, கல்லையும் வேரையும் சலித்து எடுத்து, மூடிய இரும்பு உருளையில் போட்டு, அந்தத் திரவத்தை ஊற்றிச் சுற்ற விடுகிறார்கள். திரவம் எண்ணெயைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே வடிகிறது. வடிந்ததைக் காய்ச்சினால் திரவம் ஆவியாகிக் குளிர்ந்த குழாய் வழியாகச் சொட்டி, மறுபடியும் கழுவப் போகிறது. எண்ணெய் மட்டும் அடியில் தங்கிவிடுகிறது.

"இது கசிப்புச் சாராயம் காய்ச்சுற வேலைதாங்க மிஸ்" என்றேன்.

"ஐயாவுக்கு நல்ல அனுபவம் போல!"

"எனக்கு இல்லீங்க. என் மச்சானுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. இல்லாததை உன் தலையில் போடுவது எனக்குப் பழகிவிட்டது பார்.

மூட்டைகளுக்குச் சீட்டு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஓடிப்போய் நின்றேன். 'அழுக்கு மண்', 'கழுவிய மண்' என்று அறுபதுக்கு மேல் எழுதினேன். நான் எழுதியதை இன்னொருவர் வாசித்து, சரியான மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்! அந்த நிமிடம் நீ இருந்திருக்க வேண்டும்.

நீ இருந்தாய் என்றுதான் நினைக்கிறேன். உருளை சுற்றும்போது மடக் மடக்கென்று ஒரு சத்தம். யாரோ தாகத்தோடு குடிக்கிற சத்தம். எனக்கு உன் பேச்சு நினைவுக்கு வந்தது. தொட்டியில் எண்ணெய் குறையக் குறைய நீ தரையில் காதை வைத்துப் படுப்பாய். "மண்ணு குடிக்குது மச்சான். வந்து கேளு" என்பாய். பெக்டரிக்குப் பொறுப்பாக இருந்த டீமேக்கர் ஐயாவிடமும் அதைத்தான் சொன்னாய். அவர் என்ன சொன்னார்? "மண்ணு குடிக்குதா, நீ வித்துக் குடிக்கிறியா?"

அந்த வாரம்தான் அவர் நான் காவல் நின்ற கேட்டுக்கு வந்து என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "சின்னச்சாமி, கேட்ல நீ நின்னேன்னு ஒரு ஒப்புக்குத்தான். கைநாட்டு வை." வைத்தேன். விசாரணை அன்று தோட்டத்துத் தொரை முன்னால் அதை வாசித்தார்கள். முத்தையா எண்ணெய்க் கேன் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியதை நான் கண்ணால் கண்டதாக அதில் இருந்தது.

"இது உன் கைநாட்டுதானே?" என்று தொரை கேட்டார்.

"ஆமாங்க தொரை."

வாசிக்கத் தெரியாதது என் குற்றமில்லை. ஆனால் வாசித்துக் காட்டினார்களே, மச்சான். காது கேட்டதே. வாய் இருந்ததே. என் வேலையும் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று பயந்து நின்றேன். நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். பிறகு வேலை பறிபோய், தலவாக்கலையில் நானா கடையில் மூட்டை தூக்கி, நெஞ்சு நோய் கண்டு போய்ச் சேர்ந்தாய். சாகும்வரை செல்லம்மாவிடம் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

அவள் இன்றைக்கும் ஆடி வெள்ளியில் வாசலில் நின்று, "பொய்ச் சாட்சி சொன்னவன் கை அழுகிப் போகட்டும்" என்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். அந்தக் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு ரொட்டி சுட்டுத் தருகிறாள்.

மூன்றாம் நாள் தோண்டும்போது தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு வந்த நிலத்தடிக் குழாய் தெரிந்தது. மூட்டில் நூல் போல ஒரு வெடிப்பு. மிஸ் குனிந்து பார்த்தார். "கனகாலம் ஒழுகியிருக்கு ஐயா. அவ்வளவையும் மண்தான் குடிச்சிருக்கு" என்றார்.

உன் வார்த்தை, மச்சான். உன்னை அறியாத ஒருத்தியின் வாயில்.

காய்ச்சிய பானையைத் திறந்தபோது பெக்டரி முழுவதும் உன் வாடை. நீ இடுப்பில் கட்டிய சாரத்தின் வாடை, உன் தலைமுடியின் வாடை. நாய் வாலை ஆட்டிக்கொண்டு இன்ஜின் அறை வாசலில் போய்ப் படுத்தது. நீ போன பிறகு பிறந்த நாய் அது. யாரைப் பார்த்து வாலாட்டியது?

நான் பானையின் விளிம்பைத் தொட்டுவிட்டேன். "தொடாதேங்கோ ஐயா!" என்று மிஸ் கத்துவதற்குள் கட்டைவிரல் கறுத்துவிட்டது. அதே விரல். ரேகை ரேகையாக, அன்றைக்கு மை அப்பியது போலவே. சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன். ரேகைக்குள் இன்னும் இருக்கிறது.

கழுவிய மண்ணை நீ பார்க்க வேண்டும். சாம்பல் போல வெளுத்து, எந்த வாசனையும் இல்லாமல். ஓர் எறும்பு விளிம்புவரை வந்து திரும்பிப் போயிற்று. உரம் சேர்த்து, புழு வந்து, உயிர் பிடிக்கக் காலம் எடுக்குமாம். குழியில் திரும்பக் கொட்டிவிட்டார்கள். ஆனாலும் கால் வைத்தால் இன்ஜின் ஓடுகிறது.

முந்தாநாள் செல்லம்மா பார்க்க வந்தாள்.

"அப்ப அவரு எடுக்கலதானே அண்ணே?"

"எடுக்கல ஆத்தா."

குந்தி உட்கார்ந்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினாள். "அப்ப கண்ணால கண்டேன்னு சொன்னவன் யாரு? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். நான் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அவள் காம்பராவுக்குப் போகிறேன். அடுப்பில் ரொட்டிக் கல் ஏறும் முன் இந்தக் கடிதத்தை ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகே வகுப்பு டீச்சரிடம் கொடுப்பேன், ஊரும் வாசிக்கட்டும். அவள் மண்ணை அள்ளினால் முகத்தைத் திருப்ப மாட்டேன். இது சத்தியம், மச்சான். இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கீழே பெயரை எழுதுகிறேன்.

உன் செல்லம்மாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
சின்னச்சாமி