கடலை மூடிய வரைபடம்

வடவேற்குடி,
நன்னிலம் தாலுகா.
8.3.1970

அன்பு ஜெய்னம்பு,

நீ அனுப்பிய தகரக் குழாய் நேற்று பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் குலுக்கிப் பார்த்து, "உள்ள துப்பாக்கியாம்மா?" என்று கேட்டார். இவர் வயலுக்குப் போயிருந்தார். உள்ளே இருந்த படத்தைக் கூடத்தில் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

1482இல் உல்ம் என்ற ஊரில் அச்சான உலகப்படம்! நகல்தான் என்றாலும் மரக்கட்டையில் செதுக்கிய கோடு ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து ஒரு நிலம் கிளம்பிக் கிழக்கே சுற்றி வந்து ஆசியாவோடு ஒட்டிக்கொள்கிறது, பார்த்தாயா? நம்முடைய கடலை ஏரி மாதிரி கரை கட்டி மூடிவிட்டார்கள். இந்தியாவுக்கு மூக்கே இல்லை. இலங்கைதான் பெரிய தேசம்.

இதோடு நாற்பத்தொரு தாள். பட்டுப்புடவைகளை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பெட்டியில் வசம்பு போட்டு அடுக்கியிருக்கிறேன். திருச்சி விடுதியில் ஒரே அட்லசை நாம் இருவரும் பங்கு போட்டுப் படித்தோம். நீ பினாங்கு போய்விட்டாய். நான் கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் போன தூரம் திருவிடைமருதூர். அங்கே வேண்டிக்கொண்டது பிள்ளை வரம் என்று உனக்குத் தெரியும். பலிக்கவில்லை என்பதும் தெரியும்.

ஒரு செய்தி. இப்போது நானும் மிராசுதார். ஆளுக்கு இவ்வளவுதான் நிலம் என்று சட்டம் வரப்போகிறதாம். தையிலேயே இவர் பன்னிரண்டு ஏக்கரை என் பெயருக்கு எழுதிவிட்டார். எந்த வயல் என்றுகூட எனக்குக் காட்டவில்லை.

உன்
சாவித்திரி


பினாங்கு,
30.3.1970

என் சாவித்திரிக்கு,

இறைவன் உன்னை நலமாக வைக்கட்டும். பருப்பைத் தீய்த்ததற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் புத்தகக் கடையின் மாடியில் அறுநூறு தாளுக்கு மேல் கிடக்கிறது. ரப்பர் தோட்டத்துத் துரைமார் ஊருக்குப் போகும்போது மூட்டையாக விற்றுவிட்டுப் போனவை. எல்லாம் பழைய வரைபடங்களின் நகல்களும், கப்பலில் வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளின் நகல்களும். நேற்றுதான் ஒரு டச்சுப் பாதிரியாரின் குறிப்பில் நாகப்பட்டினத்துப் படம் பார்த்தேன். கரையில் கட்டுமரம்கூடப் போட்டிருக்கிறார்.

இங்கே ஒரு கல்லூரி வருகிற ஜனவரியில் இவற்றைக் கண்காட்சி வைக்கக் கேட்கிறது. எது எந்த வருஷம், யார் வரைந்தது, எங்கே தப்பாக வரைந்தார்கள் என்று பட்டியல் எழுத ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் யாரைத் தேடலாம் என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். மச்சான் மீரா உசேன் சாயபு தலையாட்டினால் அது தீர்ந்த விஷயம் என்று உனக்குத் தெரியுமே!

மூன்று மாதம் வா. என் தம்பி யூனுஸ் பெண்சாதியோடு அக்டோபரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறான். அவர்களோடு வரலாம். உன் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசு. நாளைக் கடத்தாதே.

உன்
ஜெய்னம்பு


வடவேற்குடி,
2.7.1970

அன்பு ஜெய்னம்பு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். இவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஆச்சரியம். ஏன் போட்டார் என்று போன வாரம்தான் தெரிந்தது.

என் பெயரில் இருக்கும் நிலத்தில் மூன்று ஏக்கரை இருபத்திரண்டு வருஷமாக இராஜாங்கம் என்பவர் குத்தகைக்குச் செய்கிறார். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று அரசாங்கம் சொன்னதும் மனுப் போட்டிருக்கிறார். பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. தாலுகா ஆபீசில் விசாரணை. நிலம் முழுவதும் என் நேரடி சாகுபடி, இராஜாங்கம் வெறும் கூலியாள் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"எழுதிக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் பினாங்குக்குப் போயிட்டு வா. நான் தடுக்கல" என்கிறார்.

நேற்று இராஜாங்கத்தின் மனைவி அம்சம் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நீங்க படிச்சவங்க. அந்த வயல்ல யாரு ஏர் ஓட்டுனா, யாரு வரப்பு வெட்டுனான்னு நீங்க பாத்தீங்களோ இல்லியோ, ஊரு பாத்திருக்கு. உள்ளதைச் சொல்லுங்கம்மா. அது போதும்."

மோர் கொடுத்தேன். குடிக்காமலே போனாள்.

நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? உடனே எழுது.

சாவித்திரி


பினாங்கு,
14.7.1970

என் சாவித்திரி,

கேட்டதால் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

நீ போடாவிட்டால் உன் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வக்கீல் வைப்பார், வேறு சாட்சி வைப்பார். இராஜாங்கத்துக்குச் செங்கொடிச் சங்கம் இருக்கிறது. உனக்கு யார் இருக்கிறார்கள்? இந்த வாசல் ஒருமுறைதான் திறந்திருக்கிறது. மாடியில் உனக்காக ஜன்னலோரம் மேசை போட்டாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு இந்த வீட்டில் தமிழ்ப் பேச்சுச் சத்தமே இல்லை. உன்னை அழைப்பதில் என் சுயநலமும் இருக்கிறது. அதையும் சேர்த்து எடை போட்டுக்கொள்.

உன்
ஜெய்னம்பு


வடவேற்குடி,
20.9.1970

ஜெய்னம்பு,

போட்டுவிட்டேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, நன்னிலத்தில். தாசில்தார் படித்துக் காட்டி, "சரிதானேம்மா?" என்றார். "சரி" என்றேன். இராஜாங்கம் எதிரிலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு தள்ளுபடி. சம்பாவுக்கு அவர் விட்டிருந்த நாற்றைப் பறித்து இவர் ஆட்களே நட்டார்கள். இராஜாங்கத்துக்கும் அம்சத்துக்கும் எங்கள் பக்கம் யாரும் கூலி வேலைகூடக் கொடுப்பதில்லை.

பிறகு நான் பெட்டி கட்டினேன். இவர் திருவாரூர் வக்கீலை வீட்டுக்கே அழைத்து வந்தார். வக்கீல் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நேரடி சாகுபடின்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நட்ட வயலை விட்டுட்டுக் கப்பலேறுனா சாகுபடி பண்றது யாருன்னு நாளைக்குச் சங்கத்துக்காரன் கேப்பான். இராஜாங்கம் போட்ட அப்பீல் முடியற வரைக்கும் ஊரை விட்டு நகரப்படாதும்மா."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்கா? வருஷக் கணக்கு."

இவர் பக்கம் திரும்பினேன். முன்பே தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் போட்ட கையெழுத்துதான் ஜெய்னம்பு, என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறது. யூனுஸிடம் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்.

சாவித்திரி


பினாங்கு,
5.10.1970

என் சாவித்திரி,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மச்சானிடமும் படித்துக் காட்டினேன். "நீ ஏன் போடச் சொன்னே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

யூனுஸ் பயணத்தை டிசம்பருக்குத் தள்ளிவைத்துவிட்டான். ஏதாவது வழி கிடைத்தால் கூத்தாநல்லூரில் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பு. என்மேல் கோபமிருந்தால் அதையாவது எழுது. சும்மா இருந்துவிடாதே.

ஜெய்னம்பு


வடவேற்குடி,
24.1.1971

அன்பு ஜெய்னம்பு,

டிசம்பரில் யூனுஸ் கையில் வரைபடப் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். சேர்ந்திருக்கும். நாற்பத்தொரு தாளும் அதில் இருக்கின்றன. மேலே உள்ள நோட்டில் ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதியிருக்கிறேன். பகலில் எழுத விடமாட்டார்கள் என்று பயந்தேன். யாரும் தடுக்கவில்லை. இப்போதுதான், மூன்று நாளாக, ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் யாரும் பேசுவதில்லை. கண்காட்சியில் என் தாள்களையும் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏன் பேசுவதில்லை என்று கேட்பாய். இராஜாங்கம் அப்பீல் செய்திருந்தார். போன வியாழக்கிழமை விசாரணை. இவரோடு போகாமல் நான் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய், அந்த நிலத்தில் நான் கால் வைத்ததே இல்லை, இருபத்திரண்டு வருஷமும் பயிரிட்டது அவர்தான் என்று சொன்னேன். "பொய் சொன்னதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். வெளியூர் போக ஆசைப்பட்டேன் என்றேன். குமாஸ்தா சிரித்துவிட்டான்.

இராஜாங்கத்தின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. வீட்டில் என் பாஸ்போர்ட் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. சாவி இவர் இடுப்பில் இருக்கிறது. உன் கடிதங்களை இனி இவர்தான் முதலில் பிரிப்பார். அதைத் தெரிந்துகொண்டே எழுது. எழுதாமலும் இருந்துவிடாதே.

உன்மேல் கோபமில்லை. நீ சொன்னதால் நான் போடவில்லை. எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது, அதனால் போட்டேன். உன் வாயிலிருந்து அது வரட்டும் என்றுதான் உன்னைக் கேட்டேன். இதை எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

விசாரணை முடிந்ததும் இவர் ஜீப்பில் என்னை ஏற்றாமல் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் அம்சம் நின்றாள். இராஜாங்கம் சங்க ஆபீசுக்குப் போயிருந்தார். அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன், வெட்கக்கேடு.

"அஞ்சு மாசம் அரைவயித்துக் கஞ்சிம்மா. எளைய புள்ளைக்குப் பால் வத்திப் போச்சு. அதையும் நீங்க தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

"தெரியணும். சொல்லு" என்றேன்.

பஸ் வந்தது. கூட்டம். அம்சம் முதலில் ஏறி இடம் பிடித்துவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள்.

உட்கார்ந்தேன். வடவேற்குடி வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

உன்
சாவித்திரி