சாமந்திக்கு நடுவே சிப்ரியானோ

அன்புள்ள அம்மாவுக்கு எரிபெர்த்தோ எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நெப்ராஸ்காவில் குளிர் வந்துவிட்டது. இறந்தோர் நாளுக்காக, இறைச்சி ஆலையின் சாப்பாட்டு அறையில் நாங்கள் மெக்சிகோக்காரர்கள் ஒரு மேசையில் சாமந்தி பரப்பி, செத்துப்போன எங்கள் உறவுகளின் படங்களை வைத்தோம். மறுநாள் பார்த்தால் நடுவே சிப்ரியானோ சிரிக்கிறான்! ஆலையில் என் பக்கத்தில் நின்று இறைச்சி வெட்டியவன். போன மாதம் குடியேற்ற அதிகாரிகள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அப்புறம் தகவலே இல்லை.

படத்தை வைத்தவர் மேற்பார்வையாளர் டார்லீன், வெள்ளைக்கார அம்மா. "அவன யாரும் மறந்துடக் கூடாதுப்பா" என்று கண்ணைத் துடைத்தார். உயிரோடிருப்பவன் படத்தை அங்கே வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாது; சொல்லத் தயங்கினோம். படத்தை எடுக்கவும் பயம்.

எங்களோடு வேலை செய்யும் சோமாலியாக்காரி ஹோதான் வந்து, "ஏன் எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். விஷயம் தெரிந்ததும் அதை எடுத்து, சுவரில் இருந்த பிறந்தநாள் பலகையில் குத்தினாள். "இங்க இருக்கட்டும். வந்து கேக் வெட்டட்டும்." டார்லீனும் தலையாட்டினார். ஆனாலும் மேசையில் அந்த இடத்தில் யாரும் எதையும் வைக்கவில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். கம்பளிக் காலுறை கிடைத்தால் அனுப்புங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

அம்மா, சாமந்தி வைத்த அப்பா படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைத்திருக்கிறீர்களே, அதை இன்றைக்கே அடுப்படிக்கு மாற்றிவிடுங்கள்.