நின்ற இடத்தில் ஓடிய மணிகள்

மார்ச்சு 3

வண்டியின் எண்ணெயை எப்போது மாற்றப் போகிறோம் என்று இன்றும் கேட்டாள்.

படுக்கை, அடுப்பு, கழுவுதொட்டி, என் நூல்கள் அத்தனையும் அடங்கிய இந்த வீட்டு வண்டியில் நாங்கள் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீடிழந்தோரின் உரிமைக்காக ஊர் ஊராகப் பேசுகிறவன் நான். ஓட்டுகிறவள் என் மனைவி. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்கத் தோன்றியதும் இல்லை.

வண்டியின் கையேட்டைப் பிரித்துக் காட்டினேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. சென்ற முறை மாற்றியபின் ஓடியது ஆறாயிரத்து இருநூறு. கடந்தது ஒன்பது மாதம். எதுவும் முந்தவில்லை. அவளோ, கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரப் பொறி நின்ற இடத்திலேயே ஓடுகிறதே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றாள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தாள். கரியாக இருந்தது, டீசல் வாடை வேறு. எண்ணெய் கறுப்பது இயல்புதானே என்றேன். நீ சொல்வது கையேட்டில் எங்கே இருக்கிறது, காட்டு என்றேன்.

அவளால் காட்ட முடியவில்லை. “சரி” என்று துணியை மடித்து வைத்தாள்.

மார்ச்சு 9

சந்தைத் திடலில் கூட்டம். மூவாயிரம் பேர். நடுவில் சற்றுச் சோர்ந்தார்கள்; சிரிக்க வைத்தாலன்றி எழுப்ப முடியாது என்று தெரிந்தது. ஒரு நொடியில் வந்து விழுந்தது:

“என் துணைவியார் வண்டிக்கு எண்ணெயை மாற்று, எண்ணெயை மாற்று என்று என்னைப் பாடாய்ப் படுத்துகிறார். எண்ணெய் மாற மூன்று மாதம் போதுமாம். நம்மை ஆள்பவர் மாற முப்பது ஆண்டும் போதவில்லையே, தோழர்களே.”

திடல் அதிர்ந்தது. கைத்தட்டல் அடங்கும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவள்.

மார்ச்சு 10

இன்று அவள் அதிகம் பேசவில்லை. களைப்பாக இருக்கலாம்.

மார்ச்சு 22

அந்த எண்ணெய்ப் பகுதியை இதுவரை ஒன்பது ஊர்களில் சொல்லியாகிவிட்டது. மக்கள் அதைக் கேட்பதற்கென்றே வருகிறார்கள் என்கிறார் இயக்கச் செயலாளர்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். “மத்ததெல்லாம் சொல்லுங்க. அது மட்டும் வேணாம்.”

உன் பெயரைச் சொல்லவில்லையே என்றேன். அன்போடுதானே சொல்கிறேன் என்றேன். பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். எண்ணெயைப் பற்றி அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன். இங்கே ஏன் பொய் எழுத வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்பிரல் 2

மேட்டுச் சாலையில் வண்டி நின்றுவிட்டது. முதலில் முகப்பில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு. அவள் ஓரம் கட்டுவதற்குள் உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை. பிறகு ஓசையே இல்லை.

அடுத்த ஊரில் எட்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். கூட்டம் கலைந்தது என்று பிற்பகலில் செய்தி வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பார்த்து என்னென்னவோ சொன்னேன். வண்டியைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதானே உன் வேலை என்றும் சொன்னேன்.

சொன்னேன்.

ஏப்பிரல் 4

பட்டறை. பட்டறைக்காரர் பொறிக்கு அடியிலிருந்த எண்ணெய்த் தட்டைக் கழற்றிக் காட்டினார். அடியில் தார்போல் உறைந்து கிடந்தது. வழி அடைத்து, எண்ணெய் மேலே ஏறாமல், பொறி தன்னைத் தானே அரைத்துத் தின்றுவிட்டிருக்கிறது.

ஆறாயிரத்துச் சொச்சம்தானே ஓடியது என்று கையேட்டை நீட்டினேன். அவர் வாங்கி, ஒரு பக்கம் புரட்டி, கறுத்த விரலை ஓர் அட்டவணைமேல் வைத்தார். நெடுநேரம் நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்குத் தனிக் கணக்கு. அடுத்த பக்கம். ஒரே ஒரு பக்கம் தள்ளி. நான் புரட்டவே இல்லை.

“நின்னபடி ஒரு மணி நேரம் ஓடினா நாப்பது கிலோமீட்டர் ஓடினதா வெச்சுக்கணும் சார். எத்தனை மணி நேரம் ஓடிருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்.

“நூத்தம்பது கூட்டம். ஒண்ணொண்ணும் நாலு மணி நேரம்.”

அறுநூறு மணி. இருபத்து நாலாயிரம் கிலோமீட்டர். பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்: “இவருக்கு ஓடின தூரம்தாங்க தெரியும். நின்ன இடத்துல ஓடினது எந்த முள்ளுலயும் காட்டாது.”

ஏப்பிரல் 5

அவளுடைய அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பை. தலையணையை எடுத்துப் போயிருக்கிறாள். திரும்பி வருகிறவர்கள் தலையணை எடுத்துப் போவார்களா?

ஏப்பிரல் 11

பட்டறை முற்றத்தில், செத்த வண்டிக்குள் இருக்கிறேன். பகலெல்லாம் இரும்படிக்கும் ஓசை. அடுப்பைப் பற்றவைக்க எந்தக் குமிழைத் திருப்புவது என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாள்தோறும் அழைக்கிறேன். குளிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள் என்கிறார் அக்காள். “கொஞ்சம் விட்டுப் பிடிங்க தம்பி” என்றும் சொன்னார். இன்று அவளே எடுத்தாள். என் குற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டு, நம் இல்லறம் என்னும் பெரும்பயணத்தில் என்று தொடங்கியதும் இடைமறித்தாள்.

“யார்கிட்ட பேசுறீங்க? எனக்குப் பின்னாடி கூட்டம் ஏதும் உக்காந்திருக்கா?”

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். வேறு எப்படிப் பேசுவது? நாற்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த பேச்சு இது ஒன்றுதான். வேறொன்று எனக்குள் இருந்ததா? இருந்து, பயன்படுத்தாமல் கெட்டுப்போயிற்றா?

ஏப்பிரல் 19

வழி தெரிந்துவிட்டது. எந்த மேடையில் அவளைச் சிறுமைப்படுத்தினேனோ அதே மேடையில் மன்னிப்புக் கேட்பேன். நாளை அதே சந்தைத் திடல். நேரலையை அவளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அக்காளிடம் கெஞ்சினேன். பார்க்க வைக்கிறேன் என்றார்.

உரையை ஏழு முறை எழுதினேன். இதுவரை எழுதியவற்றுள் இதுவே உண்மையானது.

ஏப்பிரல் 20

சிரித்தார்கள்.

“என் துணைவியார் எண்ணெயை மாற்றச் சொன்னார்” என்றேன். அவ்வளவுதான். பழைய பாட்டு வருகிறது என்று திடலே சிரித்தது. இல்லை தோழர்களே, அவர் சொன்னதே சரி, தவறு என்னுடையது என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். என் குரல் உடைந்தது; அதற்குக் கை தட்டினார்கள். நடிப்பென்று நினைத்தார்கள். ஐயோ, நான் அழுகிறேனடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியிருந்தால் அதற்கும் தட்டியிருப்பார்கள். நான் பழக்கியவர்கள். நான் பழக்கிய சிரிப்பு.

அவள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காள் சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

ஏப்பிரல் 21

அழைக்கவில்லை. எந்த வாயால்?

மே 6

மூன்று கூட்டங்களுக்கு மறுத்துவிட்டேன். தொண்டை சரியில்லை என்று செயலாளர் எல்லோரிடமும் சொல்லி வருகிறார், அது பொய் என்று சொல்லத் தெம்பில்லை. சாப்பிட்டேனா என்று நினைவில்லாத நாள்கள். பொறியைப் பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். நான் பக்கத்தில் ஒரு மர முக்காலியில் இருக்கிறேன். பேசாமல் இருப்பவனை யாரும் விரட்டுவதில்லை.

புதிதாகக் கட்டிய பொறிக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்ற வேண்டும், பிறகு இந்த வண்டி செய்யும் வேலைக்கு ஐயாயிரம் அல்லது ஆறு மாதம், நின்று ஓடும் மணிகளையும் சேர்த்து என்றார் பட்டறைக்காரர். அவள் சொன்னதேதான். சொல் மாறாமல்.

வண்டியை நீயே எடுத்துக்கொள் என்று அவளுக்கு எழுதினேன். உரை எதுவும் சேர்க்கவில்லை.

மே 17

வந்தாள். மெலிந்திருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம். அதைப் பட்டறைக்காரரிடம்தான் சொன்னாள். மூடியைத் திறந்து கோலை உருவிப் பார்த்தாள். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. என் நூல்களையும் துணிகளையும் நான் முன்பே இறக்கிப் பெட்டியில் கட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

“நீங்க எப்படிப் போவீங்க?”

“பேருந்தில்.”

இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள் போலும். வரவில்லை. இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

“போய்ச் சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வண்டி அதிர்வின்றிக் கிளம்பிற்று. வாயிலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. அக்காள் வீடு அந்தப் பக்கம்.

மாலைக்குள் இந்த வாடகை அறைக்கு வந்துவிட்டேன். அவளுக்குப் பதினோரு வரி எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அழித்தேன். பிறகு ‘சேர்ந்தேன்’ என்று மட்டும் அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று கைபேசி காட்டுகிறது. பதில் இல்லை.