குண்டம்மாவின் வயிறு

மார்ச் 4

எனக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் டீச்சருக்கு,

வணக்கம். குழந்தையும் நானும் நலம். ஆனால் நலம் சொல்ல இதை எழுதவில்லை. மூன்று வருடமாக என் வகுப்பறையில் நான் வளர்த்த கினிப் பன்றி குண்டம்மாவுக்குக் கட்டி என்று வயிற்றைக் கிழித்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு மாணவியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். கட்டியிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்திருக்கலாம். மயக்கத்திலேயே அது போயிருந்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? நான் பிரசவத்துக்குத்தான் போனேன். வகுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர்


மார்ச் 7

அன்புள்ள டீச்சருக்கு,

'அன்புள்ள' பழக்கத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டம்மாவுக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டுகிறது, தூக்கினால் கடிக்கிறது என்று ஜனவரியில் எழுதினேன். பிப்ரவரியில் மறுபடி எழுதினேன். பதில் இல்லை. நீங்கள் விட்டுப்போன குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'குண்டு, சோம்பேறி, சிடுமூஞ்சி.'

கால்நடை மருத்துவர் வயிற்றைத் தொட்டதுமே அது பல்லை நறநறத்தது. ஸ்கேனில் இரண்டு சூலகத்திலும் நீர்க்கட்டி. ஒன்று எலுமிச்சம்பழம் அளவு. ஊசி சிலவகைக் கட்டிகளுக்குத்தான் கேட்குமாம், இதற்குக் கேட்காதாம். நீரையும் எடுத்தோம், மூன்றே வாரத்தில் மறுபடி நிறைந்துவிட்டது. மயக்க மருந்தில் ஆபத்து உண்டு என்று சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"இது குண்டு இல்லம்மா, கட்டி. ரொம்ப நாளா வலியோட இருந்திருக்கு" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, என் மேலும்தான். வந்த புதிதில் நானும் பிள்ளைகளோடு சேர்ந்து அதன் நடையைப் பார்த்துச் சிரித்தவள்.

பதிலுக்கு வந்தவள்


மார்ச் 12

டீச்சர்,

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. படித்தேன். இந்த வேலை உங்களுக்கே நிலைக்க வேண்டும் என்று என் மேல் குறை தேடுகிறீர்கள் என நினைத்து, மடித்து வைத்துவிட்டேன். இப்போதும் உங்கள் மேல் கோபம்தான். ஏனென்று கேட்காதீர்கள்.

அது சாப்பிடுகிறதா? கடித விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்


மார்ச் 15

டீச்சருக்கு,

முதல் இரண்டு நாள் ஊசிக்குழலில் ஊட்டினோம். இப்போது புல்லைத் தானே தின்கிறது. தையல் காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். தூக்கும்போது இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

நேற்று முன்வரிசைப் பெண் எழுந்து, "இதுக்கு உடம்பு சரியில்லன்னு எங்க டீச்சருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்தப் பொய் அவளுக்காகச் சொன்னது. உங்களுக்காக இல்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.