எட்டாவது திரையில் உன் சிவப்பு அட்டை

என் அன்வருக்கு,

ஜூன் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மொத்தம் எட்டுத் திரைகள். ஆறு வேலை செய்கின்றன. ஒன்றை நான் கெடுத்துவிட்டேன். ஒன்றில் நீ கட்டிய சிவப்பு அட்டை தொங்குகிறது. பேச்சை ஆரம்பிக்கும் முன் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பாய். சொல்லிவிட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து ஷெட்டில்தான் இருக்கிறேன். ஸ்கூட்டர் நிறுத்த அப்பா போட்ட ஷெட். ஸ்கூட்டர் இன்னமும் வெயிலில்தான் நிற்கிறது. உன் ஸ்டூலில் இன்றுவரை யாரும் உட்காரவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். செல்வி அக்கா உட்கார்ந்திருக்கிறார், முறுக்கு தின்கிறார்.

ஒன்பது நாள் காய்ச்சலில் ஒரு ஆள் போய்விடுவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வடலூர் முனையில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். போட்டோவில் உனக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டிருந்தார்கள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை, கோபம்தான் வந்தது. எண்ணெய்க் கறை இல்லாத சட்டையில் உன்னை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் உன் அம்மா உன் டூல்ஸ் பையை என் கையில் கொடுத்தார்கள். “இத வூட்ல வெச்சிகினு நான் என்னப்பா பண்ணப்போறேன்? அந்த டிவிங்கள முடிச்சிட்டியா?” என்று கேட்டார்கள். டிவி இல்லம்மா என்று விளக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். முடிக்கவில்லை என்பதுதான் பதில். அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைக் கம்மாபுரம் பக்கத்துப் படிப்பகத்தின் சுவரில் ஒட்டப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அந்தப் படிப்பகத்துக்கு யாரோ புண்ணியவான்கள் எட்டுக் கணினிப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். திரை கொடுக்கவில்லை. மேசைமேல் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்து நீ சொன்னாய்: “எட்டு பேரும் தலைய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டானுங்கடா மச்சான்.” அன்றைக்கே வாக்கும் கொடுத்துவிட்டாய். என்னைக் கேட்கவில்லை.

திரைக்கு வழியும் நீதான் கண்டுபிடித்தாய். டவுன்ஷிப்பில் எந்த வீட்டுப் பரணில் கை விட்டாலும் ஒரு செத்த லேப்டாப் வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, பேட்டரி உப்பிப் போனது, சாம்பார் குடித்தது. உள்ளே போர்டு போயிருக்கும், திரை நன்றாக இருக்கும். திரையைத் தனியாகக் கழற்ற வேண்டும். அதன் முதுகில் இருக்கும் எண்ணுக்குப் பொருத்தமான ஒரு சின்ன போர்டை வரவழைக்க வேண்டும். நடுவில் ஒரு கேபிள், பின்னால் ஒரு அடாப்டர். அவ்வளவுதான்.

நான் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லும்போதெல்லாம் நீ முறைப்பாய். அந்த போர்டில் அரிசி மணி அளவுக்கு ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. அதை எந்த ஊசியில் மாட்டுகிறோமோ அந்த வோல்ட் திரைக்குப் போகும். மூன்று புள்ளி மூன்று, ஐந்து, பன்னிரண்டு என்று மூன்று இடங்கள். லேப்டாப் திரைக்கு முதல் இடம்தான். மாற்றி மாட்டினால் திரை காலி. அதனால் நாம் வேலை பார்க்கும் மின் பிளான்ட்டில் செய்வதுபோலவே இங்கும் செய்ய வேண்டும் என்றாய். ஒருவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“ஒரு நகம் சைஸ் ஷெட்டு, ரெண்டே பேரு. எதுக்குடா கன்ட்ரோல் ரூம் மாதிரி கத்திகினு இருக்க?” என்று கேட்டேன்.

“உனக்குக் கை நாக்கவிட வேகமா போவும் மச்சான். அதான். சொல்லு, மூடி எங்க இருக்கு?”

நீ இருந்தவரை மூன்று திரைகள் முடிந்தன. நீ போன பிறகு நாலாவதை எடுத்தேன். தனியாக. “மூணு புள்ளி மூணு” என்று சொன்னேன். பிறகு உன் குரலில், “மூணு புள்ளி மூணு, சரி” என்றும் நானே சொல்லிக்கொண்டேன். மூடி பன்னிரண்டில் இருந்தது. ஒரு வெள்ளை வெட்டு, கருகல் நாற்றம், முடிந்தது. வோல்ட் தெரியாமல் கெடுத்திருந்தால்கூட மன்னிக்கலாம். உன் பங்கையும் சேர்த்து நானே சொன்னேன் பார், அதுதான் தப்பு.

அந்த நாற்றம் அடங்குவதற்குள் செல்வி அக்கா வந்துவிட்டார். உனக்குத் தெரியும், படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா அந்தப் படிப்பகத்தில் படிப்பவர், அவர் மாமனார் நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்கு ஈடாகத் தரும் வேலைக்கான தேர்வை அக்கா இரண்டு முறை எழுதிவிட்டார். அடுத்த மாதம் மூன்றாவது முறை. வயது வரம்பு இதோடு முடிகிறது, நாலாவது முறை கிடையாது. படிப்பில் குறை இல்லை. பயிற்சி எல்லாம் போனில்தான். போன முறை தேர்வு ஹாலில் பெரிய திரை முன்னால் உட்கார்ந்து, போனைத் தள்ளுவதுபோல விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். கேள்வி நகரவில்லை. மவுசைப் பிடித்து, அடுத்த கேள்விக்கான பொத்தான் எங்கே என்று மூலை மூலையாகத் தேடியதிலேயே நேரம் போய்விட்டது.

இதைக் கேட்ட அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. இருந்ததிலேயே பெரிய திரையைத் தனியாக எடுத்து வைத்தாய், பதினேழு அங்குலம். “இது அக்காவுக்கு. ஹால்ல இருக்கற சைஸ்” என்றாய். அதுதான் எட்டாவது திரை.

சரி, நாற்றத்துக்கு வருகிறேன்.

“என்னா தம்பி, பொகை நாத்தம் அடிக்குது?”

“ஒண்ணு போச்சுக்கா.”

“அதுவா போச்சா, நீ போக்கினியா?”

“நான்தான்.”

“அன்வரு தம்பி கூட ஒரு ஆள வெச்சிகினுதான மாட்டும். நீ என்னா தனியா பேசிகினு மாட்டற, பைத்தியம் மாதிரி?” என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “நீ சொல்லு. நான் பாத்துட்டு சொல்றேன்.”

அப்படித்தான் மற்ற மூன்றும் முடிந்தன. அக்காவுக்கு வோல்ட் என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது. ஆனால் மூடியைப் பார்க்காமல் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. போன ஞாயிறு நான் அவசரப்பட்டு அடாப்டரை எடுத்தபோது கையில் ஒரு அடி விழுந்தது. உன்னிடம்கூட நான் அடி வாங்கியதில்லை.

மிச்சம் எட்டாவது. கல்யாணப் பத்திரிகையை வெட்டி, பின்பக்கம் சிவப்புப் பேனாவால், ‘வேலை நடக்கிறது. கரண்ட் கொடுக்காதே. அன்வர்’ என்று எழுதிக் கட்டியிருக்கிறாய். எதற்காகக் கட்டினாய் என்று என்னிடம் சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை? சொன்னாலும் நான் காது கொடுத்திருக்க மாட்டேன் என்றா?

நான் அதைத் தொடவில்லை. அக்கா பொறுமையிழந்துவிட்டார்.

“எடு தம்பி, மாட்டிப் பாப்போம்.”

“எடுக்கக் கூடாதுக்கா. பிளான்ட்ல அட்டையக் கட்டினவன்தான் கழட்டணும். வேற எவனும் கை வைக்கக் கூடாது. வெச்சா உள்ள வேலை செய்யறவன் செத்துருவான்.”

“இங்க உள்ள யாரு வேலை செய்யறா?”

வெளியே போய் டீ குடிச்சிட்டு வாங்க என்று சிடுசிடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அட்டையக் கட்டிட்டு ஒருத்தரு திடீர்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா என்னா பண்ணுவீங்க? அவரு வர்ற வரைக்கும் ஊரே இருட்டுல கெடக்குமா?”

“இல்லக்கா. அடுத்த ஷிப்ட் ஆளு பொறுப்பெடுத்துப்பான். மொதல்ல கடைசி வரைக்கும் அவனே நடந்து பாக்கணும். எதுக்குக் கட்டினாங்கன்னு கண்டுபுடிக்கணும். அப்புறம் அவன் பேரக் கீழ எழுதணும்...”

“அப்ப எழுது. உன் ஷிப்டுதான?”

அன்வரு, விதி முழுக்க எனக்குத் தெரியும். பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நாற்பத்தேழு நாள் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அட்டையைக் கழற்றாமல், எதிலும் செருகாமல், திரையை மேசையில் படுக்கவைத்து ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தோம். அக்கா போன் டார்ச்சைப் பிடித்தார். இடது கீல் பக்கத்தில் கேபிளின் தோல் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது, தகட்டோடு ஒட்டிக்கொண்டு. அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு சின்ன வட்டம். உன் வட்டம்தான், மூடாமல் ஓரத்தில் வால் நீட்டிக்கொண்டிருக்கும் அதே வட்டம். அட்டை இல்லாமலிருந்தால் நாலாவதைக் கெடுத்த கையோடு இதையும் செருகியிருப்பேன். அக்காவின் திரை அன்றைக்கே போயிருக்கும்.

இத்தனை நாளும் அந்த அட்டையை உன் ஞாபகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமாதிப் பலகைபோல. நீ எழுதியிருந்ததோ முதல் இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது. வேலை நடக்கிறது.

செய்யப் போவது:

1. இதே அட்டையில், உன் பெயருக்குக் கீழே, இப்போதே என் பெயரை எழுதுவேன். உன் பெயரை அடிக்க மாட்டேன்.

2. கேபிளை முழுசாக மாற்றுவேன். டேப் சுற்றி ஒப்பேற்ற மாட்டேன். புதுக் கேபிள் வர நாலு நாள் ஆகும். ஆகட்டும், காத்திருப்பேன். நீ நம்ப மாட்டாய்.

3. நான் கெடுத்த திரைக்குப் பதிலாக எதிர் பிளாக்கில் இன்னொரு பரண் ஏறுவேன். நாம் இரைச்சல் போடுகிறோம் என்று சண்டைக்கு வந்தாரே, அந்த மாமா வீட்டுப் பரண்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏறுவேன்.

4. அடுத்த ஞாயிறு எட்டாவது திரையை மடியில் வைத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ்ஸில் போவேன். பின் சீட்டில் உட்கார மாட்டேன், அங்கேதான் தூக்கிப் போடும்.

5. படிப்பகத்தில், மூடி எந்த ஊசியில் இருக்கிறது என்பதை நான் சொல்வேன். அக்கா பார்த்துத் திருப்பிச் சொல்வார். அவர் சொல்லும்வரை என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

6. பிறகு அட்டையைக் கழற்றுவேன். அன்வர், கார்த்தி என்று இரண்டு பேரையும் வாய்விட்டுச் சொல்வேன். திருப்பிச் சொல்ல அங்கே படிக்க வரும் எட்டுப் பேர் இருப்பார்கள். அதற்கப்புறம்தான் ஸ்விட்ச்.

அடுத்த ஷிப்டில் நிற்கும் உன் மச்சான்,
கார்த்தி